கேப்டன் ஒரு தடவை வெளிய வந்து பேசியிருக்கலாம்

போன மாசம் வேலை விஷயமா போயிட்டு நியூஜெர்சி திரும்புற நைட் ஃப்ளைட், இன்னும் கிளம்பல. எனக்கு ஆறாவது வரிசை. எனக்கு நேர் முன்னாடி நடு சீட்ல ஒருத்தர், நாப்பது வயசு இருக்கும், தாடி வச்சிருந்தார், போன்ல பேசிட்டே இருந்தார். என்ன மொழின்னு எனக்குப் புரியல, ஆனா எதிர்முனையில சின்னப் புள்ளைன்னு மட்டும் நல்லா தெரிஞ்சுது, அப்படிக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுறார். அவர் பக்கத்துல ஜன்னலோரம் உக்காந்திருந்த அம்மா எழுந்து பின்னாடி போனாங்க, ரொம்ப நேரம் வரல. அப்புறம் ஏர்ஹோஸ்டஸ் ஒருத்தங்க முன்னாடி வந்து அவரைத் தாண்டிப் போற மாதிரி போய் ஒரு பார்வை பார்த்துட்டு, முன்பக்கம் இன்டர்காம் எடுத்து வாயை மறைச்சுக்கிட்டு பேசினாங்க.

அஞ்சு நிமிஷத்துல மஞ்சள் ஜாக்கெட் போட்ட கிரவுண்ட் ஸ்டாஃப் ரெண்டு பேர் உள்ள வந்தாங்க. "சார், உங்க பையை எடுத்துட்டு எங்ககூட வாங்க." ஏன்னு ஒரே ஒரு தடவைதான் கேட்டார், அதுவும் சத்தமில்லாம. "இது கேப்டனோட முடிவு"ன்னாங்க. மேல வச்சிருந்த பை வேற யாரோட பெட்டிக்கோ அடியில மாட்டிக்கிச்சு, ரெண்டு தடவை இழுக்குறார், வரல, கை நடுங்குது. சுத்தி அத்தனை பேர் உக்காந்திருக்கோம், ஒருத்தரும் எழுந்திரிக்கல. நானும் எழுந்திரிக்கல. அவர் போனதுக்கப்புறம் பார்த்தா அவரோட சார்ஜர் சீட்டுக்குக் கீழ இருக்கிற பிளக்லயே தொங்கிட்டிருக்கு, வெள்ளை ஒயர், முனையில ஒரு சின்ன டைனோசர் பொம்மை மாட்டியிருந்துச்சு.

இதுல எனக்கு இன்னும் ஆறாத விஷயம் என்னன்னா, அந்த நேரம் பூரா காக்பிட் கதவு திறந்தேதான் இருந்துச்சு. கேப்டனோட தோள்பட்டை எனக்குத் தெரியுது. அவருக்கும் அந்த மனுஷனுக்கும் நடுவுல இருபதடிகூட இருக்காது. அவர் எழுந்து வரவே இல்ல.

அதுல இருந்து மூணு வாரமா ராத்திரி ராத்திரி இதைத்தான் படிச்சிட்டிருக்கேன். முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், கேப்டனுக்கு இந்த அதிகாரமே இருக்கக்கூடாதுன்னு நான் சொல்ல வரல. 1963ல டோக்கியோவுல போட்ட சர்வதேச ஒப்பந்தமே கேப்டனுக்கு இந்த உரிமையைக் கொடுக்குது, விமானத்தோட பாதுகாப்புக்கோ ஒழுங்குக்கோ ஒருத்தரால ஆபத்துன்னு நம்ப நியாயமான காரணம் இருந்தா கட்டிப் போடலாம், இறக்கி விடலாம், போலீஸ்கிட்ட ஒப்படைக்கலாம். ஆனா அந்த ஒப்பந்தப்படி கேப்டனோட அந்த அதிகாரம் பொதுவா வெளிக்கதவு எல்லாம் மூடினதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. கதவு திறந்து கேட்ல நிக்கிற வரைக்கும் அந்தந்த நாட்டுச் சட்டம்தான். அமெரிக்காவுல அது 44902ன்னு ஒரு பிரிவு, பாதுகாப்புக்கு ஆபத்தா இருக்கலாம்னு விமானக் கம்பெனி நினைச்சாலே ஒருத்தரை ஏத்த மாட்டேன்னு சொல்லலாம். 'இருக்கலாம்'. அந்த ஒரு வார்த்தைக்குள்ள எவ்வளவு வேணா அடங்கும். இன்னொரு பக்கம் 40127ன்னு ஒரு பிரிவு, இனம், நிறம், மதம், பூர்வீகம், பால் பார்த்து யாரையும் ஒதுக்கக்கூடாதுங்குது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் அந்த ஆறாவது, அஞ்சாவது வரிசையெல்லாம் இருக்கு.

கேப்டன் பக்கமும் யோசிச்சுப் பார்த்தேன். 2001 டிசம்பர் 22, பாரிஸ்ல இருந்து மயாமி போன அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்துல ஒருத்தன் ஷூவுக்குள்ள வெடிமருந்து வச்சுக்கிட்டு தீக்குச்சி கிழிச்சான், கேபின் க்ரூவும் பயணிகளும் சேர்ந்து அமுக்கிப் பிடிச்சாங்க, விமானம் பாஸ்டன்ல இறங்குச்சு. அதுக்கு முந்தின நாளே பிரெஞ்சு போலீஸ் அவனை நிறுத்தி விசாரிச்சிருக்காங்க, அதுல அன்னைக்கு ஃப்ளைட்டை விட்டவன் மறுநாள் ஏறிட்டான். அன்னைக்கு வந்த சந்தேகம் நூத்துக்கு நூறு சரியான சந்தேகம். அடுத்த மூணாவது நாள், கிறிஸ்துமஸ் அன்னைக்கு, அதே கம்பெனியோட இன்னொரு கேப்டன் பால்டிமோர்ல ஒருத்தரை இறக்கி விட்டார். அவர் யாருன்னு பார்த்தா ஜனாதிபதி புஷ்ஷுக்குப் பாதுகாப்பு கொடுக்கிற சீக்ரெட் சர்வீஸ் ஆள், டெக்சாஸ்ல புஷ்ஷோட பண்ணைக்கு டூட்டிக்குப் போயிட்டிருந்தவர், அரபு வம்சாவளி. பேப்பர்ல குளறுபடி இருந்துச்சுன்னு கம்பெனி சொல்லுச்சு, என் வம்சாவளிதான் காரணம்னு அவர் தரப்பு சொல்லுச்சு. மூணு நாள் இடைவெளியில இந்த ரெண்டும். அந்த வாரம் அந்த சீட்ல உக்காந்திருந்த எந்த கேப்டனுக்கும் வயித்துல புளியைக் கரைச்சிருக்கும், அதை நான் மறுக்கல.

ஆனா 2003 டிசம்பர்ல நடந்த ஒரு கேஸைப் படிச்சப்போதான் எனக்குத் தூக்கம் போச்சு. பாஸ்டன்ல இருந்து ஃபோர்ட் லாடர்டேல் போற விமானம், போர்ச்சுகீசிய வம்சாவளி அமெரிக்கர் ஒருத்தர், பக்கத்துல அவருக்கு முன்னப் பின்ன தெரியாத ரெண்டு இஸ்ரேல்காரங்க. மூணு பேரும் ஒரே கூட்டம்னு நினைச்சு மூணு பேரையும் இறக்கிட்டாங்க. போலீஸ் விசாரிச்சு ஒண்ணுமில்லைன்னு விட்டதுக்கப்புறமும் கம்பெனி அவங்களை ஏத்த மாட்டேன்னுடுச்சு. அவர் கேஸ் போட்டார், ஜூரி 4 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லுச்சு. 2008ல அப்பீல் கோர்ட் அந்தத் தீர்ப்பை அப்படியே ரத்து பண்ணிடுச்சு. என்ன காரணம்னா, கேப்டன் தனியா துருவி விசாரிக்கணும்னு கட்டாயமில்ல, க்ரூ சொல்றதை அப்படியே நம்பலாம், அவர் எடுத்த முடிவு தான்தோன்றித்தனமா இருந்தாத்தான் தப்பு, சொன்ன க்ரூவோட மனசுல பாரபட்சம் இருந்தா அதுக்காக கேப்டன் மேல பழி போட முடியாது.

இதை நல்லா யோசிச்சுப் பாருங்க. பக்கத்து சீட் அம்மாவுக்குப் பயம், அவங்க ஏர்ஹோஸ்டஸ்கிட்ட சொல்றாங்க, அவங்க இன்டர்காம்ல கேப்டன்கிட்ட சொல்றாங்க, கேப்டன் கிரவுண்ட் ஸ்டாஃப்கிட்ட சொல்றார். ஒவ்வொரு கை மாறும்போதும் அந்தப் பயம் கொஞ்சம் கொஞ்சமா அதிகாரமா மாறுது. கடைசியில ஒருத்தர் தன் பையை இழுத்துட்டு வெளிய நடக்கிறார், அவர்கிட்ட யாருமே ஒரு கேள்வி கேக்கல.

இன்னொண்ணு, 2016 ஜூலை, டெல்டா ஏர்லைன்ஸ். பாரிஸ்ல இருந்து சின்சினாட்டி போற விமானத்துல ஒரு முஸ்லிம் தம்பதி, அமெரிக்கக் குடிமக்கள், ஊர் திரும்புறாங்க. பக்கத்துல இருந்த பயணிக்கு அவங்களைப் பார்த்தா படபடப்பா இருக்காம். வாட்சுக்குள்ள ஏதோ பிளாஸ்டிக் மாதிரி சொருகினாருன்னு புகார், அப்புறம் அவர் போன்ல மெசேஜ் அடிக்கிறப்போ 'அல்லாஹ்'ங்கிற வார்த்தையைப் பார்த்ததா க்ரூ சொல்றாங்க. கேப்டன் கம்பெனியோட செக்யூரிட்டி பிரிவுகிட்டயே கேட்டார். அவங்க, ஒரு பிரச்சனையும் இல்ல, நம்ம நாட்டு ஆளுங்க, வீட்டுக்குப் போறாங்கன்னு தெளிவா சொல்லிட்டாங்க. அதுக்கப்புறமும் கேப்டன் ஏத்த மாட்டேன்னுட்டார். அஞ்சு நாள் கழிச்சு ஆம்ஸ்டர்டாம்ல இருந்து நியூயார்க் வர்ற விமானத்துலயும் கிட்டத்தட்ட இதே கதை, கிளம்பப் போன விமானத்தைத் திரும்ப கேட்டுக்குக் கொண்டுவந்து ஒரு முஸ்லிம் பயணியை இறக்கினாங்க. 2020 ஜனவரியில அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ரெண்டுக்கும் சேர்த்து 50,000 டாலர் அபராதம் போட்டுச்சு, பாரபட்சம் காட்டினோம்னு டெல்டா ஒத்துக்கல, இன்னும் நல்லா கையாண்டிருக்கலாம்னு மட்டும் ஒத்துக்கிச்சு. ஒரு பெரிய விமானத்துல ஒரு தடவை எரிபொருள் நிரப்புற செலவே அந்த அளவுக்கு வரும்.

அந்தத் துறை இதுல ஒரு நல்ல அளவுகோல் வச்சிருக்கு, அதை நான் முழுசா ஏத்துக்கிறேன். இதே ஆள் இதே காரியத்தை வேற மதமா, வேற நிறமா இருந்து செஞ்சிருந்தா இறக்கியிருப்பீங்களா? இல்லைன்னா அது பாதுகாப்பு இல்ல. எனக்கு முன்னாடி உக்காந்திருந்தவர் புள்ளைகிட்ட இங்கிலீஷ்ல கொஞ்சியிருந்தா அந்த அம்மா எழுந்தே போயிருக்க மாட்டாங்க, இதை நான் எங்க வேணா வந்து சொல்வேன்.

கதவைப் பத்தி ஒரு விஷயம். செப்டம்பர் 11க்கு அப்புறம் காக்பிட் கதவையெல்லாம் உடைக்க முடியாத மாதிரி, குண்டு துளைக்காத மாதிரி மாத்தச் சொன்னாங்க, 2003 ஏப்ரலுக்குள்ள அமெரிக்கப் பயணிகள் விமானங்கள்ல மாத்தியாச்சு. பறக்க ஆரம்பிச்சுட்டா அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு கேப்டனுக்கு க்ரூ சொல்லித்தான் தெரியும், சண்டையே நடந்தாலும் அவர் வெளிய வரக்கூடாது. அது சரியான ஏற்பாடு. அதனாலதான் தரையில நிக்கிற அந்தப் பத்து நிமிஷம் எனக்கு இவ்வளவு முக்கியமா படுது, கேப்டன் எழுந்து வந்து ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்து "எங்க போறீங்க, எல்லாம் ஓகேவா"ன்னு கேக்க முடியிற நேரம் அது மட்டும்தான். ரெண்டு நிமிஷப் பேச்சுல தெரிஞ்சிடும். அப்பவும் சந்தேகம் தீரலையா, தாராளமா இறக்குங்க, நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

நான் தினமும் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ற ஆள், ஏர்போர்ட்ல இருந்தாலும் பண்ணுவேன். இப்ப ரெண்டு தடவை கவனிச்சிட்டேன், கேட்ல நின்னுக்கிட்டு அம்மாகிட்ட பேசுறப்போ என் குரல் தானா இறங்குது, "சத்தமே கேக்கலடா, சாப்டியா இல்லையா"ன்னு அம்மா திரும்பத் திரும்பக் கேக்குறாங்க.

சார்ஜரை அன்னைக்கே ஏர்ஹோஸ்டஸ்கிட்ட கொடுத்தேன், வாங்கி வச்சாங்க, அவர்கிட்ட போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியாது. அந்தக் கம்பெனிக்கு நேர்ல பார்த்தவன்ங்கிற முறையில ஒரு மெயில் போட்டேன், தேதி, சீட் நம்பர், நடந்தது எல்லாம் எழுதி. நாலு நாள்ல பதில் வந்துச்சு, பாதுகாப்பு சம்பந்தமான கடைசி முடிவு கேப்டனோடதுன்னு. அது எனக்குத் தெரியும், கேப்டன் அவர்கிட்ட பேசினாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கன்னு திரும்ப எழுதியிருக்கேன். இன்னைக்கோட பதினோரு நாள் ஆச்சு.