காற்றாடிமலையிலிருந்து வடக்கன்குளம் வரை

ஆரல்வாய்மொழியில் காற்று ஆளைத் தள்ளும். மலைக் கணவாய் என்பதால் திரும்பிய பக்கமெல்லாம் காற்றாலைகள். அங்கேதான் காற்றாடிமலை இருக்கிறது. 1752 ஜனவரி 14 அன்று புனித தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம். எங்கள் அன்பியத்தார், அதாவது தெருவில் கூடி ஜெபிக்கும் பங்குக் குடும்பங்கள், சேர்ந்து ஒரு வேன் பிடித்து, முதலில் அந்த மலைக்குப் போனோம்.

நட்டாலத்தில் 1712-ல் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர் அவர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவல். குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குத் தளபதியான டச்சுக்காரர் டிலனாயிடம் பழகி இயேசுவை அறிந்தார். 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவர் மனைவியும் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1749-ல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து, ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். மதம் மாறினார் என்பது மட்டும் அவர்களுடைய கோபத்துக்குக் காரணமில்லை. சாதி பார்க்காமல் எல்லாரும் சமம் என்று போகும் இடமெல்லாம் சொன்னார். மேல்சாதிக்காரர்களுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இதைத் திருச்சபையே அவரைப் பற்றிச் சொல்லும்போது சேர்த்துச் சொல்கிறது.

மலையில் மணியடிச்சான் பாறை என்று ஒன்று. சின்னக் கல்லை எடுத்துத் தட்டினால் வெண்கல மணி போலச் சத்தம் வரும். தட்டித் தட்டியே பாறையில் அங்கங்கே குழி விழுந்து, உள்ளே வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது. நான் ஓங்கித் தட்டப் போனேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், “மெள்ளத் தட்டு மக்களே, மெள்ளத் தட்டினாலும் கேக்கும்” என்றார். மகள் வயிற்றுப் பேரனுக்கு உடம்பு சரியில்லையாம், நேர்ச்சை செலுத்த வந்திருந்தார். அவரோடு சேர்ந்து ஜெபமாலை சொன்னோம். கேட்டது கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு வருகிறவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. நானும் கேட்கத்தான் போயிருந்தேன்.

கோட்டாற்றில் தூய சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறையை முத்தமிட்டுவிட்டு, காவல்கிணறு வழியாக வடக்கன்குளம் போனோம். திருமுழுக்குப் பெற்ற ஊர் என்பதால் எல்லாரும் போகிறார்கள். நான் போக ஆசைப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோவிலைக் கால்சட்டை போல இரண்டு பிரிவாகக் கட்டினார்கள். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் மற்றவர்கள். பீடம் மட்டும் பொது. நடுவில் சுவர். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளைப் பார்க்காமலே முழுப் பூசையும் கண்டுவிடலாம். சமம் என்று சொன்னதற்காக ஒருவர் குண்டடிபட்டுச் செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு இப்படி. 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். கோவிலுக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்கும் உரிமை கிடையாது என்று தீர்ப்பானது.

உள்ளே உட்கார்ந்து யாக்கோபு திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசித்தோம். பொன்மோதிரம் போட்டு வருகிறவரைப் பார்த்து ‘இங்கே வசதியாக உட்காருங்கள்’ என்று சொல்லி, கந்தை கட்டியவனைப் பார்த்து ‘அங்கே நில்’ என்று சொல்வதைப் பற்றிய பகுதி. அதே அதிகாரம்தான் செயல் இல்லாத நம்பிக்கை செத்தது என்றும் சொல்கிறது. அந்த இடத்தில் கேட்டபோது, யாருக்கோ எப்போதோ எழுதிய கடிதமாகத் தோன்றவில்லை.

1891 மே 15-ல் திருத்தந்தை 13-ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதினார். நியாயமான கூலியைப் பற்றித் திருச்சபை உரக்கப் பேசியது அதில்தான். நீதிக்காகச் செயல்படுவது நற்செய்தி அறிவிப்போடு பிரிக்க முடியாதது என்று 1971-ல் ஆயர் மாமன்றம் சொன்னது. 2022-ல் அதே மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். குருவோ துறவியோ அல்லாத, இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். அந்த அறிவிப்பில் அவர் பெயரோடு ‘பிள்ளை’ இல்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் ஊருக்குத் திரும்பினால்? தலித் மக்களுக்குத் தனிக் கல்லறை, அவர்கள் தெருவுக்குப் போகாத சப்பரம் என்று இன்னும் எத்தனையோ பங்குகளில் நடக்கிறது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016-ல் இந்திய ஆயர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லாமல் போனதை எதிர்த்து ஒவ்வோர் ஆகஸ்ட் 10-லும் கறுப்புக் கொடி பிடிக்கிறோம். பிடிக்கத்தான் வேண்டும். அரசிடம் கேட்கும் அதே நியாயத்தைக் கல்லறைத் தோட்டத்திலும் கேட்க வேண்டாமா?

எங்கள் பங்கிலும் சப்பரம் கீழத்தெரு முனையோடு திரும்பிவிடும். திரும்பி வரும்போது வேனிலேயே அந்தப் பேச்சு வந்தது. சிலருக்குப் பயம், திருவிழா நின்றுவிடுமோ என்று. ஒரு அக்கா, “சரி, நின்னா நிக்கட்டும். அந்தத் தெருப் பிள்ளைங்களும் வரி கொடுக்குதுதானே?” என்றார். அப்புறம் யாரும் மறுத்துப் பேசவில்லை. சப்பரம் கீழத்தெருவுக்குள்ளும் வர வேண்டும், கல்லறைத் தோட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பங்குத்தந்தைக்கு மனு எழுதியிருக்கிறோம். அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை சாயங்காலம் ஜெபமாலைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் கையெழுத்துத் தாளையும் கூடவே கொண்டுபோகிறோம்.