ஏழூர்ப் பல்லக்கு போன வழியில் இரண்டு சைக்கிள்கள்

எழுநூறு ரூபாய்! திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டு சைக்கிள்களையும் இரண்டு ஆட்களையும் ஏற்றிவர லோடு ஆட்டோக்காரர் வாங்கிய தொகை அது. தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பேரம் பேசிப் பார்த்தேன். "திரும்பும்போது வண்டி காலியாக வரணும் சார்" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எங்களை இறக்கிவிட்ட அரை மணி நேரத்தில் அதே வண்டி சிமெண்ட் மூட்டைகளோடு திரும்பிப் போவதை டீக்கடையில் நின்றபடி பார்த்தேன். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். தஞ்சாவூரில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவனுக்கு ஊருக்குள் இடமில்லை. கீழவீதி, தெற்குவீதியில் காலை ஆறு மணிக்கு மேல் ஓட்டினால் உயிர் கையில் இருக்காது. ஊரைத் தாண்டினால் சொர்க்கம்: ஆற்றங்கரைகள், வாய்க்கால் கரைகள், இருபக்கமும் நடவு முடிந்த குறுவைப் பச்சை. ஆனால் ஊருக்கும் அந்தச் சொர்க்கத்துக்கும் நடுவே நான்கைந்து கிலோமீட்டர் நரகம் இருக்கிறது. அதை எப்படித் தாண்டுவது என்று கண்டுபிடிக்கத்தான் நானும் என் மைத்துனனும் ஆடி மாதத்து சனிக்கிழமை ஒன்றில் கிளம்பினோம். அவனிடம் புதிய கியர் சைக்கிள். விரல் தடிமனுக்கு டயர். என்னிடம் அப்பா ஓட்டிய பழைய கறுப்பு சைக்கிள். கிளம்பும்போது அவன் என் வண்டியைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவையாற்று ரோட்டில் பஸ்கள் ஒன்றையொன்று முந்துவதையே தொழிலாக வைத்திருக்கின்றன, பாலங்கள் குறுகல். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறுகள், ஐந்து பாலங்கள். பாலத்தின் மேல் பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் ஒதுங்க ஒரு சாண் இடமில்லை. இதற்கு ஒரே மருந்து நேரம்தான். நாலே முக்காலுக்குக் கரந்தையைத் தாண்டினோம். விடிவதற்குள் வெண்ணாற்றங்கரை மாமணிக் கோயில் பக்கம் டீ குடித்தோம். முதல் டவுன் பஸ்கள் நிரம்பி வரத் தொடங்குவதற்குள் கண்டியூர் வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் பிழைத்தீர்கள்.

கண்டியூரிலிருந்துதான் பயணமே. நான் போட்ட திட்டம் ஏழூர்ச் சுற்று. திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம்: இந்த ஏழு ஊர்களையும் சுற்றி சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கு போகும். நந்தியெம்பெருமான் கல்யாணத்துக்குச் சோறு ஓர் ஊரிலிருந்தும், பழம் ஓர் ஊரிலிருந்தும், பூ ஓர் ஊரிலிருந்தும், வேதம் ஓதுகிறவர்கள் ஓர் ஊரிலிருந்தும் வந்தார்கள் என்பது கதை. தில்லைஸ்தானத்துக்குப் பழைய பெயர் திருநெய்த்தானம், நெய் அங்கிருந்து. சைக்கிள்காரனுக்கு இதைவிட நல்ல தடம் எவனாலும் போட்டுக்கொடுக்க முடியாது. தோளில் பல்லக்கைச் சுமந்துகொண்டு ஓர் இரவும் பகலும் நடக்கிறவர்கள் மேடு பள்ளமான வழியையா தேர்ந்தெடுத்திருப்பார்கள்?

வேதிகுடிவரை சின்ன ரோடு, இரண்டு பக்கமும் வாழை. எதிரே வந்த வாகனங்கள் மொத்தம்: பால் கேன் கட்டிய ஒரு மொபெட், ஒரு டிராக்டர். கையை விட்டு ஓட்டலாம் போலிருந்தது. சோற்றுத்துறையில் பசி வந்தது. ஊர்ப் பெயரில் மட்டும்தான் சோறு. அந்த நேரத்துக்குக் கடை எதுவும் திறக்கவில்லை.

அங்கிருந்து திருப்பழனம் போக வேண்டும். போனிலிருந்த வரைபடம் நேராக வடக்கே ஒரு நீலக் கோடு போட்டது. கோட்டின்படி போனோம். தார் போய் மண் வந்தது. மண் போய்ப் புல் வந்தது. கடைசியில் தண்ணீர் வந்தது. கோடு அக்கரையில் நிம்மதியாகத் தொடர்ந்தது. குடமுருட்டி கரை ததும்பச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களையும் சைக்கிள்களையும் ஏற இறங்கப் பார்த்தார். "சித்திரையில வந்திருந்தா மணல்லயே தள்ளிக்கிட்டுப் போயிருக்கலாம் தம்பி. சாமியே அப்படித்தான் இறங்கிப் போவாரு" என்றார். மேட்டூரைத் திறந்த பிறகு அது ஆறு. மூடிய பிறகு அது ரோடு. இது எந்த வரைபடத்திலும் இல்லை. வந்த வழியே கண்டியூர் திரும்பினோம். ஏழூர், நாலரை ஊராக முடிந்தது.

ஆனால் திருவையாறு எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது. வழி சொல்வதாகச் சொல்லிவிட்டு அசோகா அல்வாவைப் பற்றி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கக் கொதிக்க வாழையிலைத் துண்டில் வைத்தார்கள். பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, சர்க்கரையும் நெய்யும் கோதுமை மாவும் சேர்த்துக் கிளறியது. கையில் எடுத்தால் நிற்காது, வழுக்கும். இலையைச் சாய்த்தால் நெய் ஒரு கோடாக ஓடி ஓரத்தில் தேங்கும். அந்த நெய்யைத் தொட்டுக்கொள்ளத்தான் பக்கத்தில் ஒரு கைப்பிடி மிக்சர் என்று நினைக்கிறேன். முதல் இலையை முழுங்கிய வேகத்தில் நாக்கு வெந்தது. இரண்டாவதை நிதானமாகச் சாப்பிட்டேன். மூன்றாவது கேட்கும்போது மைத்துனன் பட்ஜெட்டை நினைவுபடுத்தினான். ஆளுக்கு இருநூறு ரூபாய்தான் அன்றைய ஒதுக்கீடு. (பின்னால் எழுநூறு போகப் போகிறது என்று தெரிந்திருந்தால் அந்த மூன்றாவதையும் சாப்பிட்டிருப்பேன்.)

தில்லைஸ்தானம் தாண்டிக் காவிரியின் வடகரையில் மேற்கே திரும்பினோம், கல்லணை வரை போகிற எண்ணத்தில். இங்கே செய்த தவறை அப்பட்டமாகச் சொல்லிவிடுகிறேன்: ஆடி மாதம் மேற்கே சைக்கிள் மிதிக்கிறவன் முட்டாள். அம்மியை நகர்த்துகிற காற்று என்னையா விடும்? வாழைத்தோப்புகளில் சவுக்குக் கழி முட்டுக்கொடுத்த மரங்களே கிழக்கே சாய்ந்து நின்றன. டெல்டாவில் மேடு கிடையாது என்று பெருமையாகச் சொல்வோம். அன்று காற்றே மேடாக நின்றது. ஆடியில் வருகிறவர்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ மேற்கே போய், அங்கிருந்து காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிழக்கே வாருங்கள்.

காற்றுக்குப் பயந்து ரோட்டை விட்டு ஒரு வாய்க்கால் கரைக்கு இறங்கியதில் கதை முடிந்தது. சீமைக்கருவேல முள். என் பின் டயரில் ஒன்று, அவனுடையதில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மதகு ஒன்றில் ஷட்டரைத் திருகிக்கொண்டிருந்த லஸ்கர் (வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) ஒருவர், "ஏன் இந்தக் கரையில வந்தீங்க? ஜீப் போற கரை அது இல்லையா" என்று எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் நான் கற்ற உருப்படியான ஒரே பாடம். பெரிய வாய்க்கால்களில் ஒரு கரையைத்தான் அதிகாரிகள் பார்வையிட வரும் வழியாக முள் வெட்டி வைத்திருப்பார்கள். மற்றது முள்ளுக்கும் பாம்புக்கும். ஒரு தலைப்பு மதகில் வாய்க்கால் பிரிந்தால் ஜீப் கரையும் பக்கம் மாறலாம். அங்கே இறங்கி நின்று சக்கரத் தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

தள்ளிக்கொண்டு திருக்காட்டுப்பள்ளி வந்தோம். பஞ்சர் கடைக்காரர் என் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்தி, குமிழி வந்த இடத்தைக் காப்பிங் பென்சிலால் குறித்து, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டுப் போட்டுக் காற்றடித்துக் கொடுத்தார். கால் மணி நேரம், முப்பது ரூபாய். அடுத்து கியர் சைக்கிள். மூன்று ஓட்டைகளையும் அதே மரியாதையோடு ஒட்டினார். பிறகு பம்ப்பை எடுத்து வால்வில் வைத்தார். பிடிக்கவில்லை. வால்வின் கழுத்து பென்சில் முனைபோல மெலிந்து, உச்சியில் ஒரு குட்டித் திருகோடு இருந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் குழாயைக் கொண்டுவந்தார், அதுவும் பிடிக்கவில்லை. நூலைச் சுற்றிப் பார்த்தார், துணியை வைத்து அழுத்திப் பார்த்தார், விரலால் பொத்திப் பார்த்தார். கூட்டம் சேர்ந்தது. ஆளுக்கொரு யோசனை. கடைசியில் டியூபை மைத்துனன் கையில் கொடுத்துவிட்டு, "ஒட்டுக்குக் காசு வேண்டாம். காற்று ஏறாத வண்டிக்கு நான் எப்படிக் காசு வாங்குறது" என்றார். வற்புறுத்தித்தான் கொடுத்தோம்.

பஸ்ஸில் கேட்டோம். கண்டக்டர் சைக்கிளைப் பார்த்ததும் விசிலை ஊதிவிட்டார். மேலே கேரியர் இருந்த காலத்தில் நெல் மூட்டையும் ஆட்டுக்குட்டியும் சைக்கிளும் பஸ்ஸில் போனதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்புறம்தான் அந்த லோடு ஆட்டோ. என் சைக்கிள் நன்றாக ஓடுகிற நிலையில், அவனைத் தனியாக விட மனமில்லாமல், நானும் ஏறினேன். அந்தப் பாசத்தின் விலையில் பாதி முந்நூற்றைம்பது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தனியாக எடுத்தேன். எங்கும் தூரம் போகவில்லை. பெரிய கோவில் பக்கத்திலிருந்து புது ஆற்றின் கரையில் ஏறினேன். கல்லணைக் கால்வாய்க்கு எங்கள் ஊரில் புது ஆறு என்றுதான் பெயர். மேட்டூர் அணையோடு 1934-இல் வந்தது. தொண்ணூறு வயதாகியும் புதுசு. ஊருக்குள்ளேயே கரை இருப்பதால் அந்த நான்கைந்து கிலோமீட்டர் நரகமே இல்லை! இத்தனை வருடம் அதை வண்டி நிறுத்துகிற இடமாகத்தான் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் தார், சில இடங்களில் மண், ஓரிரண்டு பாலங்களில் மட்டும் இறங்கி ரோட்டைக் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கான்கிரீட் பூசியிருக்கிறார்கள். பிடிமானம் கிடையாது, குளிக்க இறங்காதீர்கள். ஜீப் கரை எது என்று சக்கரத் தடத்தைப் பார்த்தே போனேன். ஒரு முள்கூடக் குத்தவில்லை. செலவு பன்னிரண்டு ரூபாய், ஒரு டீ.

வீட்டுக்கு வந்தபோது மைத்துனன் போன் செய்தான். அவனுடைய வால்வின் மேல் திருகிக்கொள்ளும் பித்தளை மூடி ஒன்று இருக்கிறதாம். அதைப் போட்டால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் குழாய் பிடிக்குமாம். சுண்டுவிரல் நகம் அளவுதான். விலை நாற்பது ரூபாய். சைக்கிள் வாங்கியபோதே பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.