நகைக்கடன் மேசையில் கேட்ட கேள்வி

எங்கள் பக்கத்தில் 'நகையை மீட்க வந்தேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'திருப்ப வந்தேன்' என்றுதான் சொல்வார்கள். "சார், மூணு பவுன் செயின் ஒண்ணு வச்சிருக்கேன், இன்னைக்குத் திருப்பணும்." மீட்பு என்ற சொல்லை நான் இரண்டே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று வங்கிப் பதிவேடு. இன்னொன்று வேதாகமம்.

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக் கிளைகளில் 22 வருடம் வேலை பார்த்தேன். அதில் 11 வருடம் நகைக்கடன் மேசை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நகைகள் உள்ளே வரும், கல்யாண மாதங்களில் வெளியே போகும். வெள்ளிக்கிழமை திருப்பிக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டில் போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் அதே செயினோடு வந்து நிற்பவர்களும் உண்டு. ஆசாரி அதை உரைகல்லில் உரசுவார், தராசில் வைப்பார், கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து நிகர எடை சொல்வார். பையில் போட்டுக் கடன் எண் எழுதி ஒட்டுவோம். பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பேதுருவின் முதலாம் நிருபத்தை, அதாவது வேதாகமத்தில் உள்ள அவருடைய கடிதத்தை, வாசித்தார்கள். 'அழிவுள்ள வஸ்துக்களாகிய வெள்ளியினாலும் பொன்னினாலும் மீட்கப்படாமல், குற்றமில்லாத மாசற்ற ஆட்டுக்குட்டியாகிய கிறிஸ்துவின் விலையேறப்பெற்ற இரத்தத்தினாலே மீட்கப்பட்டீர்கள்.' ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம்தான். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் வரை பொன்னை எடை போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது. விலை என்கிறார், மீட்பு என்கிறார், பொன் என்கிறார். எல்லாம் என் மேசைச் சொற்கள். மாற்கு சுவிசேஷத்தில் இயேசு தம்முடைய ஜீவனை 'அநேகரை மீட்கும்பொருளாக' கொடுக்க வந்ததாகச் சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது 'லூட்ரோன்' என்ற சொல். அடிமையையோ போர்க் கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் தொகைக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர். ஆக, இந்தச் சொல் ஆலயத்தில் பிறந்ததில்லை. கொடுக்கல் வாங்கல் நடந்த இடத்திலிருந்து வந்த சொல்.

எங்கள் கிளைக்கு நகை மதிப்பிட வந்த ஆசாரி அண்ணாச்சி குலசாமி கோவில் கொடைக்கு ஒரு வருடம்கூடத் தவறாமல் போகிறவர். என் வேதத்தைப் பற்றி என்னைவிட நேராகக் கேட்கக்கூடியவர். இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், டீ குடிக்கும்போது கேட்டார்: "சார், தப்பா நினைக்காதீங்க. உங்க சாமி மன்னிக்கிற சாமிங்கிறீங்க. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிராதா? எதுக்கு ஒருத்தர் சாகணும்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கடவுள் நீதியுள்ளவர், பாவத்துக்குத் தண்டனை உண்டு, அதை இயேசு ஏற்றுக்கொண்டார் என்றேன். மரியாதைக்குத் தலையாட்டினார். அந்தப் பதில் அவரைத் தொடவில்லை என்று எனக்கே தெரிந்தது. கிளாஸை வைத்துவிட்டு எழும்பும்போது அவர் சொன்னதுதான் எனக்குள் தங்கியது. "நாங்க சாமிக்குக் கெடா வெட்டுவோம். உங்க கதையில சாமியே வெட்டுப்பட்டிருக்கு. அதுதான் எனக்குப் பிடிபட மாட்டேங்கு."

அந்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு சம்பவம். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண்ணின் தாலிச் செயின், மூன்றரைப் பவுன், ஏலத்துக்குப் போகும் நிலையில் இருந்தது. நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது. ஒரு நாள் மத்தியானம், தேரிக்காட்டுச் செம்மண் ஒட்டின காலோடு ஒரு பெரியவர் வந்தார். கையில் அந்த நோட்டீஸ். தன் தங்கச்சி மகன் கொண்டுவந்து கொடுத்ததாகச் சொன்னார். தங்கச்சியோடு 12 வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, அப்பா விட்டுப்போன முருங்கைத் தோட்டத்தில் தகராறு. அவர் மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அவர் மனைவியின் இரண்டு வளையல். "இதை வச்சிக்கிட்டு அந்தக் கணக்கை முடிங்க. நான்தான் கட்டினேன்னு அவகிட்ட சொல்ல வேண்டாம்."

ஆசாரி வளையலை உரசிப் பார்த்து எடை சொன்னார். மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது அப்போது விதி. அந்த வரம்பின் விளிம்புவரை கொடுத்தும் போதவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்து மீதியைக் கட்டினார். ஒரே மேசையில், ஒரே மணி நேரத்தில், ஒரு கடன் தொடங்கியது, ஒரு கடன் முடிந்தது. அவர் வளையல் பை பெட்டகத்துக்குள் போனது.

அடுத்த திங்கட்கிழமை அந்தப் பெண் வந்தாள். மஞ்சள் பையில் இரண்டாயிரம் ரூபாய், இன்னும் ஒரு மாதம் தவணை கேட்கும் எண்ணம்.

"கணக்கு முடிஞ்சிட்டும்மா. கையெழுத்துப் போட்டு நகையை வாங்கிக்கோங்க."

"வேற யார் கணக்கையும் பாக்கியளா சார்?"

"உங்க கணக்குதான்."

"அப்ப நான் எவ்வளவு கட்டணும்?"

"ஒண்ணும் இல்ல."

மூன்று தடவை கேட்டாள். செயினைக் கையில் கொடுத்த பிறகும், அந்த இரண்டாயிரத்தை மேசையில் என் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். சும்மா வந்ததை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குப் பார்த்தேன். நானும் வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கடவுளிடம் என் இரண்டாயிரத்தை நீட்டிக்கொண்டு.

அவள் போன பிறகு ஆசாரி தராசைத் துடைத்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். "அந்தக் கடன் எங்கயும் போயிரல சார். அண்ணன்காரன் பேருக்கு மாறியிருக்கு. அவ்வளவுதான்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏசாயா 53-ம் அதிகாரத்தில் இருப்பது இதுதானே: 'கர்த்தரோ நம்மெல்லாருடைய அக்கிரமத்தையும் அவர்மேல் விழப்பண்ணினார்.' பேருக்கு மாறியிருக்கிறது. லேவியராகமம் 25-ம் அதிகாரம், வறுமையில் ஒருவன் தன் காணியை விற்றுவிட்டால் அவன் இனத்தான் ஒருவன் வந்து அதை மீட்க வேண்டும் என்கிறது. ரூத் புத்தகத்தில் போவாஸ் அப்படி வருகிறான். அவனைவிட நெருங்கின உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான். தன் சுதந்தரம், அதாவது தன் பரம்பரைச் சொத்து, கெட்டுப்போகும் என்று சொல்லி அவன் ஒதுங்கிக்கொள்கிறான். மீட்பவனுக்கு நஷ்டம் உண்டு என்று தெரிந்துதான் ஒதுங்குகிறான். மீட்க வருகிறவன் உறவுக்காரனாகவும் இருக்க வேண்டும், கையில் விலையும் வைத்திருக்க வேண்டும், கொடுக்க மனமும் வேண்டும். கடவுள் ஏன் மனுஷனாகப் பிறந்தார் என்ற கேள்விக்கு எபிரெயர் நிருபம் தரும் பதிலும் இதை ஒட்டியதுதான். பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாக இருந்ததால் அவரும் அப்படியே ஆனார். முதலில் அண்ணன் ஆனார், அப்புறம்தான் சிலுவை.

2021-ல் தமிழக அரசு கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரை வைத்த நகைக்கடனைத் தகுதியுள்ளவர்களுக்குத் தள்ளுபடி செய்தபோது எங்கள் கிளையிலும் கூட்டம். எங்களுடையது கூட்டுறவு வங்கி இல்லை என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. தள்ளுபடி என்றால் கடன் ஆவியாகிவிடும் என்று நிறையப் பேர் நினைத்திருந்தார்கள். சங்கங்களுக்குச் சேரவேண்டிய தொகையை அரசு ஏற்றுக்கொள்கிறது என்பதை விளக்க வேண்டியிருந்தது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் அழிந்தால் இன்னொரு பக்கத்தில் ஏறும்.

அப்படியானால் விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? சபையில் பெரியவர்களே இதில் ஒத்துப்போகவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், பிசாசுக்கு என்று நினைத்தார். நாலாம் நூற்றாண்டில் நசியான்சுவின் கிரகோரியார், கொள்ளைக்காரனுக்கு அவ்வளவு பெரிய கூலியா என்று அதைத் தள்ளினார். 11-ம் நூற்றாண்டின் முடிவில் அன்செல்ம், கடன் கடவுளுக்கே உரியது, மனுஷன் கட்ட வேண்டியது, கடவுளால் மட்டுமே கட்ட முடிந்தது என்று வாதித்தார். எனக்கு அன்செல்ம் பிடிக்கும், கணக்குத் தெரிந்தவர். ஆனாலும் என் மேசை உவமை ஒரு இடத்தில் உடைந்துவிடுகிறது என்று சொல்லியாக வேண்டும். வங்கிக்குப் பணம் வந்தால் போதும், யார் வளையல் உள்ளே போனது என்ற கவலை அதற்குக் கிடையாது. கடவுளை அப்படி ஒரு வங்கியாக, குமாரன் கட்டியதும் மனம் மாறின ஒருவராக நினைத்தால் எல்லாம் கெட்டுவிடும். கிறிஸ்துவுக்குள் உலகத்தை ஒப்புரவாக்கியவர் பிதாதான் என்று பவுல் எழுதுகிறார். வளையலைக் கழற்றியதும் அவரே.

இதெல்லாம் எனக்குப் புத்தியில் ஏறினதுதான். நெஞ்சில் இறங்கினது வேறு ஒரு காரியத்தால். அதில் குற்றவாளி நான்.

ஒரு மார்ச் மாதம். வருடக் கணக்கு முடிக்கும் அவசரம். ஏலப் பட்டியலில் ஒரு ஜோடி பாம்படம் இருந்தது, காதில் போடும் பழைய காலத்து நகை. இப்போது எங்கள் ஊர்களில் பாம்படம் போட்ட கிழவிகளே அருகிவிட்டார்கள். உள்ளே அரக்கு இருக்கும், அதனால் கழிவு அதிகம், கடனும் குறைவு. வைத்தவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார். நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. அவர் போன் நம்பர் விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தது. நான் பார்த்தேன். கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. விதிப்படி விளம்பரம் கொடுத்தாகிவிட்டது, விதிப்படி ஏலம் நடந்தது, கடன் போக மீதி அவர் கணக்கில் வரவும் ஆனது. ஏலத்தில் எடுத்தவர் உருக்கிவிட்டார்.

நாலாவது நாள் அவர் பணத்தோடு வந்தார். சத்தம் போடவில்லை. "அது எங்க அம்மா காதுல கிடந்தது சார்" என்றார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

உரைகல், தராசு, விதிப்புத்தகம், எதைக் கொண்டு வந்தாலும் அந்தப் பாம்படத்தைத் திருப்ப முடியாது. அதே எடைக்குப் புதுத் தங்கம் வாங்கிக் கொடுத்தாலும் அது அந்த அம்மா காதில் கிடந்தது ஆகாது. தணிக்கையில் யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

ஆறு வருடம் கழித்து, பணியிலிருந்து ஓய்வு பெறும் முன்னால் அவர் வீட்டைத் தேடிப் போனேன். ஊருக்கே திரும்பி வந்திருந்தார். நடையில் அம்மா படம், தோள்வரை தொங்கும் காதுகளில் அந்தப் பாம்படம். நம்பர் என் கண்ணில் பட்டதையும் நான் கூப்பிடாததையும் சொன்னேன். அவருக்கு அது அதுவரை தெரியாது. முகம் மாறினது. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே பார்த்து, "சாருக்குக் காப்பி போடு" என்றார்.

"ஒரு வருஷம் தூக்கம் வரல சார்" என்றார். "வங்கிமேல கேஸ் போடலாம்னு இருந்தேன். பிறகு அதை நானே ஏத்துக்கிட்டேன். போனது போனதுதான். இப்ப நீங்க சொன்னதையும் ஏத்துக்கிட வேண்டியதுதான்."

கருப்பட்டிக் காப்பி வந்தது. குடிக்க முடியாமல் குடித்தேன். மன்னிச்சேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடாதா என்று ஆசாரி கேட்டாரே, அந்த வார்த்தையைச் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு ஆகிறது என்று எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். பாம்படம் போன நஷ்டமும் அவருடையது, என்னை மன்னித்த நஷ்டமும் அவருடையது. எனக்கு ஆனது ஒரு பஸ் டிக்கெட்.

அடுத்த நாள் ஆசாரியிடம் முழுவதையும் சொன்னேன். உரைகல்லை வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "அவரு நல்ல மனுஷன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

அந்த வருடம் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் 'முடிந்தது' என்ற ஆறாம் வார்த்தைக்குப் பிரசங்கம் செய்த போதகர் கொலோசெயர் நிருபத்தை எடுத்தார். நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் குலைத்து, அதைச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்ற வசனம். மூலத்தில் அந்தச் சொல், கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டைக் குறிக்கும். எனக்கு மூலச் சொல் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஏலக் கோப்பின் கடைசிப் பக்கத்தில், 'தொடர்பு கொள்ள எல்லா முயற்சியும் எடுக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே நீல மையில் இருந்த என் கையெழுத்து கண்முன் வந்தது. மணி மூன்று ஆகும் வரை அதையும் சிலுவையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.