அவருக்கு இரண்டு புத்தாண்டு

ஏப்ரல் 6

சுற்றுலாக் கப்பல் புறப்பட்டுவிட்டது. சிட்னிப் பாலம் பின்னால் தெரிய நாத்தனார் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள், என் கணவர் மட்டும் குனிந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருக்கிறார். விமானப் பயன்முறை போட்டீர்களா என்று கேட்டேன். "போட்டாயிற்று, போட்டாயிற்று" என்று பதில். இரண்டு முறை சொன்னால் போடவில்லை என்று பொருள். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது?

சீட்டு எழுதிக் கைப்பேசி உறைக்குள் சொருகித்தான் அனுப்பினேன். கரை மறைவதற்குள் விமானப் பயன்முறை, அதன் பிறகு வைஃபை மட்டும். கப்பலிலேயே ஒரு குட்டிக் கைப்பேசிக் கோபுரம் இருக்கிறது. கடலுக்குள் போனதும் அதை முடுக்கிவிடுவார்கள். நம் கைப்பேசி தன் பாட்டுக்குப் போய் அதில் ஒட்டிக்கொள்ளும். நாம் யாரையும் அழைக்கவே வேண்டாம், நாலு படம் தானாக இறங்கினால் போதும், ரோமிங் கணக்கு ஏறத் தொடங்கிவிடும். பில் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இந்த வீட்டுக்குத்தான் வரும். பார்க்கப் போகிறவள் நான்.

அத்தையின் கை, அதாவது என் மாமியாருக்கு டயாலிசிஸுக்காக இரத்தக்குழாயை இணைத்த இடது கை, நன்றாக ஓடுகிறது.

ஏப்ரல் 7

டயாலிசிஸ். மழை. துணி காயவில்லை.

ஏப்ரல் 8

நாத்தனார் இணையத்துக்கு ஒரு கருவிக்கான கட்டணம்தான் கட்டியிருக்கிறாராம். நான்கு பேருக்கு ஒன்று! ஒருவர் வெளியேறினால்தான் அடுத்தவர் உள்ளே நுழைய முடியும். ஒரு கருவிக்கே ஒரு நாளைக்கு இருபது அமெரிக்க டாலருக்குக் குறையாது என்கிறார்கள், அதனால் அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. கப்பல் ஏறுமுன் வீட்டிலிருந்தே வாங்கினால் விலை குறைவு என்று சின்னவன் தலைதலையாய் அடித்துக்கொண்டான். "கப்பலில் பார்த்துக்கொள்ளலாம்" என்றவர் இவர்தான். இப்போது வரிசையில் நிற்கிறார். இவருடைய முறை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பது மணிக்கு. அதாவது இங்கே எப்போது என்பது கப்பல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சமையலறை நாள்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். சிட்னி நேரத்துக்கு ஏழு மணி, நூமியாவுக்கு ஆறு, பிஜிக்கு ஐந்து. அதற்கப்புறம் தலை சுற்றுகிறது.

ஏப்ரல் 9

நூமியா. கரையிலிருந்து பேசவில்லை. டயாலிசிஸ் முடிந்து வரும்போது அத்தைக்கு மயக்கம் போல வந்தது. மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் காரை ஓரங்கட்டி, கால்களை உயர்த்தி வைத்து, கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் வந்தோம்.

அவருக்கு எழுதவில்லை.

ஏப்ரல் 10

சின்னவன் பினாங்கிலிருந்து அழைத்தான். அப்பா அனுப்பிய படத்தில் கப்பலின் உச்சியில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் இருந்ததைப் பார்த்துக் கேட்டேன், பாடமே நடத்திவிட்டான். உருண்டை வெறும் மூடிதானாம். உள்ளே ஒரு தட்டு இருக்கும். கப்பல் எப்படி ஆடினாலும் அந்தத் தட்டு மோட்டாரால் திரும்பித் திரும்பி வானத்தில் ஒரே இடத்தையே குறி பார்த்துக்கொண்டிருக்கும். அது பார்ப்பது நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை. ஒளியின் வேகத்தில் போனாலும் கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி ஆகிவிடும். அதனால்தான் பழைய கப்பல்களிலிருந்து பேசினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்", "நீங்கள் சொல்லுங்கள்" என்று பாதி நேரம் போய்விடும். இப்போது ஸ்டார்லிங்க் போன்றவை வெறும் 550 கிலோமீட்டரில் கூட்டம் கூட்டமாகப் பறக்கின்றன. அதற்கு உருண்டை வேண்டாம், கேரம் பலகை மாதிரித் தட்டையாக ஒன்று போதும். பெரிய சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் 2022 முதல் இதற்கு மாறத் தொடங்கிவிட்டன. நடுக்கடலில் தரைநிலையம் ஏதடா என்றேன். ஒரு செயற்கைக்கோள் இன்னொன்றுக்கு லேசர் ஒளியால் கைமாற்றிவிடும் என்றான்.

நான் இதையெல்லாம் பின்வாசல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். வீட்டுக்குள் நின்றால் என் கைப்பேசிக்கு ஒரு கோடுதான் வரும்.

ஏப்ரல் 11

அத்தை நடு இரவில் எழுப்பி, கப்பல் எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். "ரஜுலாவா?" என்றார், தான் ஊரிலிருந்து வந்த கப்பலின் பெயர். இல்லை அத்தை, இது வேறு கப்பல்.

ஏப்ரல் 12

பிஜி, சுவா. தரையில் இறங்கியதும் அழைத்தார், சந்தைக்குள் இருந்து. வாங்கி வைத்திருந்த இ-சிம் ஒருவழியாக வேலை செய்கிறது. டாக்சிக்காரர் முகம் நம் பால்மரத் தோட்டத்து ஆள் முகமாகவே இருந்ததாம். வணக்கம் என்றாராம், அதற்கு மேல் தமிழ் வரவில்லை. தாத்தா காலத்தில் ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பம். கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டேன். அத்தை இத்தனையையும் கேட்டுவிட்டு, "அங்கே என்ன, ரப்பரா?" என்றார். கரும்பு என்றார் இவர். "கரும்பு இன்னும் மோசம், தோகை அறுக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் பேசினோம். கையைப் பற்றிக் கேட்டார். நன்றாக ஓடுகிறது என்றேன், உண்மைதான். மயக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, தெரியாததை எப்படிக் கேட்பார்?

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். கோயிலுக்கு நான் மட்டும் போய்வந்தேன். டயாலிசிஸ் மையத்துக்குப் பண்டிகை கிடையாது, சிறுநீரகத்துக்கும்தான். மாங்காய்ப் பச்சடியில் அத்தைக்கு ஒரு நுனி, வாழைப்பழம் கூடாது, பாயசம் இரண்டு கரண்டி. நான்காவது படுக்கைத் தாத்தா வேட்டி கட்டி வந்திருந்தார்.

ஐந்து மணிக்கு வாழ்த்து வந்தது, கூடவே பழத்தட்டில் செதுக்கிய அன்னப்பறவை.

ஏப்ரல் 15

இன்று மறுபடியும் புத்தாண்டு வாழ்த்து! பன்னாட்டுத் தேதிக்கோட்டைக் கிழக்கே தாண்டினால் அதே தேதி திரும்ப வருமாம். கப்பலில் எல்லாருக்கும் இரண்டு பதினான்காம் தேதி. தூத்துக்குடிப் பையன் ஒருவன் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிறானாம், அவன் இவரிடம் "ஐயா, இரண்டு நாளைக்கும் சேர்த்து வாழ்த்துகள்" என்றானாம். அந்தப் பையன் ஊழியர்களுக்கான இணையத்தில் தினமும் அம்மாவுடன் பேசுகிறான். 2024 டிசம்பர் 23 முதல் கடல் தொழிலாளர்களுக்கு இணைய வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினாலும் நியாயமாக இருக்க வேண்டும் என்று பன்னாட்டு விதியே வந்துவிட்டது. இவர் அவனை வியந்து எழுதியிருக்கிறார். வேலைக்குப் போன பையன் பேசுகிறான், சுற்றிப்பார்க்கப் போனவர் அன்னப்பறவை அனுப்புகிறார்.

நான் கோபமாக இருக்கிறேன், காரணம் இவர் இல்லை. அத்தையின் கையில் ஓட்டம் நேற்று இரவு கொஞ்சம் மெலிந்திருந்தது. இரண்டு விரலை வைத்தால் தோலுக்கு அடியில் 'கிர்ர்' என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காதை வைத்தால் தூரத்து ஆலைச் சத்தம் கேட்க வேண்டும். நேற்றும் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது. என் காதுதான் சரியில்லையோ?

ஏப்ரல் 16

தாதியிடம் சொன்னேன். இரத்த அழுத்தம் இறங்கினால் அப்படித்தான், கண்காணியுங்கள் என்றார். சிகிச்சை முடியும்போது அழுத்தம் இன்னும் இறங்கியது.

மாலை ஐந்து மணிக்கு இடி. எங்கோ செம்பனைக் காட்டில் விழுந்த மாதிரி இருந்தது, ஆனால் நம் மோடம்தான் செத்தது. கரிந்த வாசனை. புகார் எடுத்துக்கொண்டார்கள், ஆள் வருவார் என்றார்கள்.

ஏப்ரல் 17

காலையில் ஓட்டம் இல்லை.

விரலை வைத்தேன், காதை வைத்தேன், விரலை மாற்றி மாற்றி வைத்தேன். "என்ன தேடுகிறாய்?" என்றார் அத்தை.

ஈப்போ ஆஸ்பத்திரி.

ஏப்ரல் 18

இரத்தம் கட்டிவிட்டது. கரைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. கழுத்தில் குழாய் போட்டுத்தான் இன்றைய டயாலிசிஸ். கையெழுத்து நான்தான் போட்டேன். உறவு என்ற கட்டத்தில் 'மருமகள்' என்று எழுதினேன். மகன் எங்கே என்று கேட்டார் மருத்துவர். கப்பலில் என்றேன். கடலோடியா என்று கேட்டார். இல்லை, சுற்றுலா. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஆனாலும் எனக்குக் கூசியது.

மூன்று மணிக்கு, அத்தையை உள்ளே கொண்டுபோயிருந்த நேரத்தில், படம் வந்தது. நிலநடுக்கோட்டைத் தாண்டினார்களாம். கடலரசன் வேடம் போட்ட ஒருவர் முன்னால் இவர் மண்டியிட்டு, தலையில் வெள்ளையாக எதையோ ஊற்றிக்கொண்டு, ஒரு பச்சை மீனை முத்தமிடுகிறார். அருமையான படம். அவ்வளவு துல்லியம், மீனின் கண்கூடத் தெரிகிறது. இரண்டு நீல டிக் அவருக்குப் போயிருக்கும், நான் பார்த்துவிட்டேன் என்று. என்ன பதில் எழுதுவது? கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன்.

சொல்லத்தான் வேண்டுமா? பிஜிக்கும் ஹவாய்க்கும் நடுவில் இருக்கிறார். இறங்க முடியாது. கப்பலும் திரும்பாது. சொன்னால் என்ன செய்வார், மேல்தளத்துக்கும் கீழ்தளத்துக்கும் நடப்பார். மற்ற மூவரின் முறையையும் பிடுங்கிக்கொண்டு மணிக்கு நாலு தடவை கேட்பார். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் மீனை முத்தமிட்டுக்கொண்டிருப்பார், அதையும் என்னால் தாங்க முடியவில்லை. தொடர்பே இல்லாத காலம் என்றால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. கம்பி இருக்கிறது என்பதற்காகவே சொல்லியாக வேண்டும் என்கிறது உலகம். சொல்லவில்லை என்றால் இனிமேல் அது மறைத்தது ஆகிவிடும்.

அத்தையைக் கேட்டேன். கழுத்துக் கட்டோடு, தலையைத் திருப்பாமல் சொன்னார்: "1950-இல் நாங்கள் ரஜுலாவில் இருந்தபோதே நாகப்பட்டினத்தில் என் பாட்டி போய்விட்டாள். ஜெரஜாக் தீவில் நோய்ச் சோதனைக்குத் தடுத்து வைத்து, பினாங்கு வந்து, தோட்டத்துக்கு வந்து, லயத்தில் வீடு கிடைத்த பிறகுதான் கடிதம் வந்தது. அங்கே பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டது. அம்மா அழுதாள். ஆனால் கப்பலில் அவள் எவ்வளவு சிரித்தாள் தெரியுமா?" பிறகு, "அவனிடம் சொல்லாதே" என்றார்.

ஏப்ரல் 19

சொல்லவில்லை. மோடக்காரர் வரவில்லை.

ஏப்ரல் 20

குடும்பக் குழுவில் பட்டர்வொர்த் சித்தி போட்டுவிட்டார். "அண்ணி விரைவில் குணமடைய முருகனை வேண்டுவோம்", கூப்பிய கை, கூப்பிய கை, கூப்பிய கை. நான் பார்ப்பதற்குள் நாத்தனாரின் பெயர் 'படித்தவர்கள்' வரிசையில் வந்துவிட்டது. அங்கே அப்போது இரவு ஒரு மணிக்கு மேல். இந்த நேரத்தில் எதற்கு இவர் விழித்திருக்கிறார்?

பதினைந்து நிமிடத்தில் கணவரிடமிருந்து அழைப்பு. குரல் அவ்வளவு தெளிவு. அரை விநாடித் தாமதம்கூட இல்லை, பின்னால் குளிர்சாதன இரைச்சல் கேட்கிறது. விட்டுப்போனதெல்லாம் என் பக்கத்தில்தான். மோடம் இல்லாமல், தொட்டிக்குப் பக்கத்தில், தூறலில் நின்று, "கேட்கிறதா, கேட்கிறதா" என்று கத்தியவள் நான். பசிபிக் நடுவில் இருப்பவர் சுங்கை சிப்புட்டுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறார்!

"எத்தனை நாளாக?" என்றார். வெள்ளிக்கிழமை என்றேன். "எந்த வெள்ளிக்கிழமை, உங்கள் வெள்ளியா எங்கள் வெள்ளியா?" என்று கேட்டார் பாருங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை. அத்தோடு துண்டித்துப்போயிற்று.

ஏப்ரல் 21

விடியற்காலை இரண்டேகாலுக்கு ஹொனலுலுவிலிருந்து. அங்கே முந்தின நாள் காலை எட்டேகால். விமானச் சீட்டுப் பார்க்கிறாராம், இறங்கி வந்துவிடுகிறேன் என்கிறார். அத்தையை எழுப்பிக் கைப்பேசியைக் கொடுத்தேன். வருவதற்குள் நான் வீட்டுக்குப் போய்விடுவேன், வந்து யார் கழுத்தைப் பார்க்கப் போகிறாய் என்றார் அத்தை. மே மாதம் வலது கையில் அறுவை, அதற்கு வா, அதற்கு லீவு கேட்க வேண்டியதில்லையே என்றார். பென்ஷன் வாங்குபவரிடம்.

பிறகு என்னிடம் பேசினார். சொல்லியிருக்கலாம் என்றார். ஆம், சொல்லியிருக்கலாம், நீங்களும் மயக்கம் வந்ததா என்று கேட்டிருக்கலாம் என்றேன். எந்த மயக்கம் என்றார். சொன்னேன். ரொம்ப நேரம் போயிற்று. நாத்தனாரின் கணவர் பின்னால் டாக்சி வந்துவிட்டது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

இறங்கவில்லை. கப்பலோடு வான்கூவர் போகிறார்.

ஏப்ரல் 22

அத்தை வீட்டுக்கு வந்துவிட்டார். குழாயில் தண்ணீர் படக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. லயத்துத் தோழி கோழி ரசம் கொண்டுவந்தார். உப்பு அதிகம், நான் குடித்தேன்.

ஏப்ரல் 23

சொந்தக் காசில் தனக்கென்று ஒரு இணைப்பு வாங்கிவிட்டார். மனிதர் செலவழிக்கிறார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று புரிகிறது. இப்போது வரிசையும் இல்லை, ஒன்பது மணிக் கணக்கும் இல்லை. "கை?" என்று கேட்கிறார். கை இனி ஓடாது என்று சொல்லியாயிற்று. இருந்தாலும் "கை?" என்றுதான் கேட்கிறார். கழுத்து என்று எழுத வரவில்லை போலும்.

அத்தையின் இடது கையில் இன்றும் விரலை வைத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 24

"கை?"
"சரி."
"சாப்பிட்டாரா?"
"இட்லி இரண்டு."
"நீ?"

இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் இன்னும் மூன்று கேள்விக்குறி.

ஏப்ரல் 25

டயாலிசிஸ். குழாய் நுழையும் இடத்தில் லேசாகச் சிவந்திருக்கிறது என்கிறார் தாதி. காய்ச்சல் 37.4, ஒன்றும் இல்லை என்றும் சொல்லலாம், இருக்கிறது என்றும் சொல்லலாம். மதியம் மறுபடி அளந்து பார்க்க வேண்டும். மோடக்காரர் மூன்று மணிக்கு வருவதாகச் செய்தி. அதற்குள் அவருக்கு எழுதிவிட வேண்டும்