ஃபார்மட் செய்த லேப்டாப்பும் ஒரு தமிழ்த் தேர்வும்

மகன் தமிழ்த் தேர்வு எழுதி நான்கு நாள் ஆகிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த ஆண்டு இதே வாசலில் நிற்கப்போகும் பெற்றோருக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன்.

அவனுக்கு ஆட்டிசம். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு. வாய்ப்பேச்சு ஏழெட்டுச் சொற்களோடு நின்றுவிடும். பேனா பிடித்தால் அரைப் பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். விசைப்பலகை கிடைத்தால் மட்டும் நிறுத்தாமல் பேசுவான், அதுவும் தமிழில். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைக்கும் முறை அவனுக்கு ஒத்துவரவில்லை. தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம் என்று ஒரு நாள் காட்டினேன். மறுநாளே தோசைக்குத் தொட்டுக்கொள்ள என்ன வேண்டும் என்று தட்டிக் காட்டினான்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மத்திய அரசு தரும் யு.டி.ஐ.டி. அட்டை எல்லாம் முன்பே கையில் இருந்தன. (சில அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவரை என் மகனோடு மாம்பலம் ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்.)

வாரிய விதிகளில் குறையில்லை. மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு. இரண்டு மொழிக்குப் பதில் ஒன்று போதும். கணினியில் விடையைத் தட்டவும் அனுமதி உண்டு. ஆனால் என்ன காரணத்தால் கணினி தேவை என்று தகுதியுள்ள மருத்துவரோ உளவியலாளரோ குறிப்பிட்டுப் பரிந்துரைக்க வேண்டும். அந்தக் ‘குறிப்பிட்டு’ என்ற சொல்லில்தான் நான் தடுக்கி விழுந்தேன்.

எங்களிடம் இருந்த கடிதத்தில் ‘சொல்வதை எழுதுபவர் தேவை’ என்று இருந்தது. பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, “அப்புறம் எதற்கு மேடம் கம்ப்யூட்டர்? ஒருவரைப் போட்டுவிடுகிறோம்” என்றார். சொல்வதை எழுத ஆள் போடலாம், இவன் முதலில் சொல்ல வேண்டும் அல்லவா? அதற்கு அவர், “கம்ப்யூட்டரில் அடிக்கிற பையனுக்குக் கையால் எழுத வராதா?” என்றார். கூடவே இலவச ஆலோசனை ஒன்று: “தமிழை விட்டுவிடுங்களேன், சலுகைதான் இருக்கிறதே.” பத்து வயதுவரை வாய் திறக்காத பிள்ளை முதன்முதலாகப் பேசிய மொழியை ஒரு படிவத்தில் டிக் அடித்து விட்டுவிட வேண்டுமாம்.

கடிதத்தை மாற்றி வாங்க ஓர் அரசு மருத்துவமனைக்குத் திங்கட்கிழமை போனோம். மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பிறகுதான் சொன்னார்கள், உளவியலாளர் புதன்கிழமை மட்டும்தான் வருவார் என்று. அதை வாசலிலேயே ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட எத்தனை ரூபாய் ஆகும்? டோக்கன் எண் கூப்பிடும் ஒலிபெருக்கியின் இரைச்சலில் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டான். புதன்கிழமை அவனை அழைத்துப் போகவில்லை. அவன் கையால் எழுதிய ஒரு பக்கத்தையும், அதே பாடத்தைத் தட்டச்சு செய்த ஒரு பக்கத்தையும், இரண்டுக்கும் ஆன நேரத்தைக் குறித்து எடுத்துப் போனேன். ஐந்து நிமிடத்தில் கையெழுத்து கிடைத்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள், வாயால் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். ‘கணினி’ என்ற சொல் கடிதத்தில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துவிட்டு வாருங்கள்.

அனுமதி வந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

லேப்டாப்பை நாம்தான் கொண்டுபோக வேண்டும், அது ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும், இணையம் கூடாது, தேர்வு மையத்தின் கணினி ஆசிரியர் சோதித்த பிறகே உள்ளே விடுவார்கள். நியாயமான விதிதான். ஃபார்மட் என்றால் என் மகனுக்கு என்ன என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை. தேர்வுக்கு ஆறு நாள் முன்பு பள்ளியில் கொடுத்துச் சுத்தமாகத் துடைத்து வாங்கி வந்தேன். திறந்தான். மின்சார ரயில் படம் இல்லை, அவன் வரிசையாக அடுக்கிய கோப்புகள் இல்லை. அதையாவது பொறுத்திருப்பான். எப்போதும்போல் ‘அம்மா’ என்று நான்கு விசை தட்டினான். திரையில், ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் ஓர் ஓகாரக் குறி அந்தரத்தில் தொங்கியது. அதன் பின்னால் ‘ககௌ’. மறுபடி தட்டினான். மறுபடியும் ‘ககௌ’. மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். இரண்டு நாள் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை.

நடந்தது இதுதான்: தமிழ் வேண்டும் என்றதும் பள்ளியில், எழுத்துகள் வேறு வேறு விசைகளில் இருக்கும் இன்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு விசைப்பலகையை மட்டும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். விண்டோஸின் மொழி அமைப்புக்குள் போய்த் தமிழ் 99-ஐச் சேர்க்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. கட்டிலுக்கு அடியிலிருந்து லேப்டாப்பை வெளியே வரவழைக்க இரண்டு நாள். அந்தப் பதற்றத்தில் அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சென்னையின் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கும் ஓடினேன், வயர் வைத்த விசைப்பலகை ஒன்று வாங்க. கடைக்காரத் தம்பி பொறுமைசாலி. சத்தம் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்த என்னை ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளை அதை ஒரு முறை தட்டிவிட்டு டப்பாவில் திரும்ப வைத்துவிட்டான். ஐநூறு ரூபாய் தண்டம்.

ஆகவே, ஃபார்மட்டைத் தேர்வு வாரத்துக்கு வைக்காதீர்கள். தீபாவளி முடிந்ததும் செய்துவிடுங்கள். அந்த வெறும் லேப்டாப்பிலேயே இரண்டு மூன்று மாதம் பழகட்டும். பிழைதிருத்தியை அணைத்தே பழக்குங்கள். ஆங்கிலத்தில் சிவப்புக் கோடு வராததைப் பார்த்தும் என் மகன் குழம்பினான்.

மையத்தில் கடைசித் தடை. “தமிழ் 99 என்று ஏதோ கூடுதல் மென்பொருள் இருக்கிறதே, எடுத்துவிடலாமா?” என்று ஆசிரியர் கேட்டார். விண்டோஸோடு வருவது, 1999-இலேயே தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகை என்று சொல்லி, அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டார். அந்த ஒரு நல்ல மனதுக்காக மற்றவர்களைப் பாதி மன்னித்தேன்.

நான்கு மணி நேரத்தில் மூன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். பென்டிரைவில் போட்டு அவர்கள் கணினியில் அச்செடுத்தால் பக்கம் முழுவதும் கட்டம் கட்டமாக வந்தது, அங்கே எழுத்துரு இல்லை. நல்ல வேளையாக, கோப்பை பி.டி.எஃப். ஆகவும் சேமிக்கச் சொல்லிப் பழக்கியிருந்தேன். இரண்டாவது முறை ஒழுங்காக வந்தது. கண்காணிப்பாளர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டோவில் ஏறியதும் லேப்டாப்பைக் கேட்டு வாங்கித் தட்டினான்: ‘ப்ரிண்டர் கத்துகிறது. கணக்குக்கும் கத்துமா?’ கத்தும் என்றேன். காது மூடியைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன், கணக்கு திங்கட்கிழமை.