ஒயின் வேலைக்கு ஒரு அம்மிணி
கோவையில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கும் அக்கா மகள், சொமெலியே, அதாவது ஹோட்டலில் ஒயின் நிபுணர், ஆகப்போகிறேன் என்கிறாள். ‘பொம்பளப் புள்ளைக்கு இதென்ன வேலை?’ என்று வீட்டில் ஒரே பேச்சு. நான் அவள் பக்கம்தான்.

எந்த ஒயினை வாங்கி இருப்பு வைப்பது, எந்தக் குளிர்ச்சியில் ஊற்றுவது, எந்தச் சாப்பாட்டோடு சேரும் என்று முடிவு செய்கிற வேலை அது. பயிற்சியெல்லாம் மூக்குக்கும் நாக்குக்கும்தான். ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள், குடிப்பதில்லை. இந்தியாவில் வசித்து ஒயின் துறையின் உயர்ந்த பட்டமான மாஸ்டர் ஆஃப் ஒயினை முதலில், 2016-இல், வாங்கிய சோனல் ஹாலண்ட் ஒரு பெண்.

டெல்லியில் மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கவே சட்டம் தடுத்தது. 2007-இல்தான் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

ராத்திரி ஷிப்ட் முடிந்து திரும்ப வண்டி உண்டா என்று ஹோட்டல்காரர்களிடம் கேளுங்கள், அது நியாயமான கவலை. மற்றபடி படிக்கட்டும், விடுங்க மாமா.