நாலும் சரி, ஆனால் ஒன்றுக்குத்தான் மார்க்

வீரவநல்லூரில் ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். 'சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக' என்றால் மூன்று தப்பு, ஒன்று சரி. பாடத்துக்குப் பின்னால் இருப்பதை உருப்போட்டால் அந்த மார்க் கையில். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்த பிறகுதான் நாலுமே சரியாக இருக்கிற கேள்வியை முதன்முதலாகப் பார்த்தேன்.

இன்டர்னல் தேர்வு ஒன்றில் வந்த கேள்வி இது. ஆபரேஷன் முடிந்து இரண்டு மணி நேரம் ஆன நோயாளி வலிக்கிறது என்கிறார். நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? எழுதிக்கொடுத்த வலி ஊசியைப் போடுவது, டாக்டருக்குச் சொல்வது, திருப்பிப் படுக்க வைப்பது, வலி எங்கே எவ்வளவு என்று கேட்பது. வார்டில் நான் பார்த்த அக்காமார் இந்த நாலையும் செய்வார்கள், சில நேரம் ஒரே மூச்சில். நான் ஊசி என்று போட்டேன். வலிக்கிறது என்று ஒருத்தர் சொன்ன பிறகு வலியைப் பற்றி இன்னும் என்ன கேள்வி என்பது என் நியாயம். மார்க் போச்சு.

எங்கள் மேம் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ வார்டுல நிக்கல. கேள்விக்குள்ள நிக்கிற. அங்க ஒரு நர்ஸ், ஒரு நோயாளி. சொந்தக்காரங்க கிடையாது. அடுத்த பெட்ல யாரும் கூப்பிட மாட்டாங்க." அந்தக் கேள்வி ஆஸ்பத்திரியில் அசெஸ்மென்ட், அதாவது கேட்டும் பார்த்தும் நோயாளியின் நிலையை அறிவது, முடியாமல் எதுவும் நடக்காது. சரி என்று மனப்பாடம் செய்துகொண்டேன்: சந்தேகம் வந்தால் 'அசெஸ்' என்று ஆரம்பிக்கிற விடை.

அதுவும் அடுத்த தேர்வில் காலை வாரியது. பிரசவம் முடிந்த தாய்க்கு ரத்தப்போக்கு அதிகம், கர்ப்பப்பை மெத்தென்று இருக்கிறது, முதலில் என்ன? நான் பி.பி. பார்ப்பது என்று போட்டேன், அதுதானே அசெஸ்மென்ட். விடை, கர்ப்பப்பையைத் தடவி இறுகச் செய்வது. 'மெத்தென்று இருக்கிறது' என்று கேள்வியே சொல்லிவிட்டதே, பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, இனிமேல் கையை வை என்று அர்த்தமாம். இந்த ஒரு விஷயம் பிடிபட எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. நோயாளி சொல்கிற குறை மட்டும் இருந்தால் இன்னும் பார்க்க வேண்டும். பார்த்தது கேள்வியிலேயே எழுதியிருந்தால் செயலில் இறங்க வேண்டும். ஆங்கிலத்தில் இனிஷியல், இம்மீடியட், பிரயாரிட்டி, பெஸ்ட் என்று வகைவகையாகக் கேட்பார்கள். எனக்கு எல்லாமே 'முதல்ல' என்றுதான் காதில் விழும். பெஸ்ட் என்றால் முதலில் செய்வது என்று இல்லை, ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எது என்பதுதான். இதைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்.

மூன்றாம் வருஷத்திலிருந்து நார்செட் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தோம். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர் எடுக்கிற தேர்வு அது, 2020 முதல் நடக்கிறது. ஒரு சீனியர் அக்கா பழைய கொஸ்டின் பேங்க் ஒன்றைத் தந்தார். அட்டை இல்லை, நடுவில் டீக்கறை. வாரக்கடைசியில் ஊருக்குப் போகிற பஸ்ஸில் நானும் பத்தமடைத் தோழி ஒருத்தியும் அதை வைத்துக்கொண்டு உட்காருவோம். பேட்டை தாண்டும்போது ஆரம்பித்தால் அவள் இறங்குவதற்குள் இருபது கேள்வி. அவள் படிப்பாள், நான் விடை சொல்வேன். முன் சீட்டு அண்ணாச்சி ஒருத்தர் ஒரு தடவை திரும்பி, "ரெண்டாவது விடைதாம்மா சரி" என்றார். பேதிக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பற்றிய கேள்வி அது. சரியாகத்தான் சொன்னார்.

அந்தப் புத்தகத்தில்தான் எனக்கு இன்னொன்று புரிந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஊர் இருக்கிறது, ஒரு வருஷம் இருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர் என்ன நிறம்? ஒரு பக்கத்தில் பச்சை. இன்னொரு பக்கத்தில் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். இரண்டும் சரி. பச்சை அமெரிக்காவில், கறுப்பு வெள்ளை நம் நாட்டில். பொட்டாசியம் அதிகமுள்ள பழம் எது என்ற கேள்வியில் 'கேன்டலூப்' என்று இருந்தது. என்னவோ மருந்துப் பெயர் என்று நினைத்து, தப்பென்று அடித்துவிட்டேன். வெயில் காலத்தில் ரோட்டோரம் குவித்து வைத்து விற்கிற நம்ம முலாம்பழம்! வாழைப்பழம் என்று ஒரு விடை வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன்.

வருஷம் பார்க்காவிட்டால் அதைவிட மோசம். காலாவதியான மாத்திரை எந்தப் பையில்? புத்தகம் கறுப்பு என்றது. வார்டில் கறுப்புப் பையே மருத்துவக் கழிவுக்குக் கிடையாது, மஞ்சளில்தான் போடுவோம். 1998 விதிப்படி கறுப்பு, 2016 விதி வந்த பிறகு மஞ்சள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நாலு நிறம்தான் இப்போது. இதயம் நின்றவருக்குச் செய்கிற சி.பி.ஆரும் அப்படித்தான். பழைய பக்கங்களில் முதலில் மூச்சுக்குழாயை அடைப்பில்லாமல் திறப்பது, பிறகு மூச்சு கொடுப்பது, பிறகு நெஞ்சை அழுத்துவது. 2010-லிருந்து வரிசை மாறி, நெஞ்சை அழுத்துவதுதான் முதல். நாடி இருந்து மூச்சு மட்டும் திணறுகிற நோயாளிக்கு இன்றைக்கும் மூச்சுக்குழாய்தான் முதல் என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். நாடி இருக்கிறதா இல்லையா என்று கேள்விக்குள் தேடுவது பழக்கமாகிவிட்டது.

எனக்குக் கடைசி வரைக்கும் ஒட்டாதது மனநல நர்சிங் கேள்விகள். நோயாளி, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்கிறார். நர்ஸ் என்ன சொல்ல வேண்டும்? 'ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்' எப்போதும் தப்பு, அது பொய்யான ஆறுதல். 'ஏன் பயப்படுகிறீர்கள்?' அதுவும் பெரும்பாலும் தப்பு, ஏன் என்று கேட்டால் நோயாளி குற்றம் சாட்டுவதாக நினைப்பாராம். சரியான விடை, 'பயமாக இருக்கிறது என்கிறீர்கள். அதைப் பற்றிச் சொல்லுங்கள்.'

இதைப் படித்த சூட்டோடு வார்டில் ஒரு ஆச்சியிடம் முயற்சி செய்தேன். மறுநாள் கண் ஆபரேஷன். "பயமா கெடக்கு தாயி" என்றாள். நான் புத்தகத்தில் உள்ளபடியே, "ஒங்களுக்குப் பயமா இருக்கு, அப்படித்தான ஆச்சி?" என்றேன். ஆச்சி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதத்தானட்டி இப்பம் சொன்னேன். திருப்பி எங்கிட்டயே சொல்லுத?" பக்கத்துக் கட்டிலில் சிரிப்பு. அப்புறம் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் செய்யாது ஆச்சி, நாங்கல்லாம் இருக்கோம்லா" என்றதும்தான் படுத்தாள். ஆனால் அன்று ராத்திரி அவள் பேத்தியிடம் ஆச்சி மெதுவாகச் சொன்னது, பக்கத்து வீட்டில் ஒருத்திக்கு ஆபரேஷன் பண்ணி கண் போயிற்று என்ற கதை. நான் 'ஒண்ணும் செய்யாது' என்று வாயை அடைத்திருக்காவிட்டால் எங்கிட்டயே சொல்லியிருப்பாளோ என்று இப்போதும் தோன்றும். ஆனாலும் அந்தப் புத்தக வாக்கியத்தை எந்த ஆச்சியிடமும் திரும்பச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கேள்வி ஆஸ்பத்திரி வேறு, நிஜ ஆஸ்பத்திரி வேறு என்று நான் இருந்ததை உடைத்தது ஒரே ஒரு சம்பவம். நாலாம் வருஷம், ரத்தம் ஏறிக்கொண்டிருந்த ஒரு அண்ணனுக்கு ஆரம்பித்த பத்தே நிமிஷத்தில் நடுக்கல், இடுப்பு வலி. நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன். பின்னாலிருந்து ஸ்டாஃப் அக்கா போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. "ஏட்டி, எங்க ஓடுத? முதல்ல அத மூடு!" திரும்பி வந்து ரத்தம் இறங்குகிற டியூபின் கிளாம்ப்பை மூடினேன். அக்கா புது டியூபில் நார்மல் சலைன் போட்டார், அதற்கப்புறம் டாக்டர். ரத்தப் பையையும் டியூபையும் தூக்கிப் போடாமல் பிளட் பேங்குக்கு அனுப்பினோம். அந்தக் கேள்வியைப் பஸ்ஸில் குறைந்தது ஐந்து தடவை சரியாகச் சொல்லியிருக்கிறேன்! கால் மட்டும் டாக்டரைத் தேடித்தான் போனது.

நார்செட் முதல் தடவை போச்சு. தெரியாததை எல்லாம் டிக் அடித்ததுதான் காரணம். ஒரு தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். பஸ்ஸில் தோழிதான் கணக்குப் போட்டுக் காட்டினாள்: ஒன்றுமே தெரியாத 30 கேள்விக்குக் குருட்டாம்போக்கில் போட்டால் ஏழெட்டு சரியாகும், மிச்சம் இருபத்திரண்டு இருபத்து மூன்று தப்பு அந்த ஏழெட்டையும் தின்றுவிடும். கையில் பூஜ்யம். அதுவே இரண்டு விடையை உறுதியாகத் தப்பென்று அடித்துவிட்டு மிச்ச இரண்டில் ஒன்றைப் போட்டால், 15 சரி, 15 தப்புக்கு 5 கழியும், 10 மிஞ்சும். அடுத்த தடவை அந்தக் கணக்குப்படியே எழுதினேன். இரண்டு விடையை அடிக்க முடியவில்லை என்றால் கேள்வியை விட்டுவிட்டேன். விடுவது கஷ்டம், கை அரிக்கும். முதல்நிலை தாண்டி, மெயின்ஸும் தாண்டிவிட்டது. மெயின்ஸ் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றுமில்லை, நோயாளியின் கதை நீளம், விடை அதே ரகம்.

போன மாதம் எங்கள் தெருவிலிருந்து ஒரு பிள்ளை நர்சிங் சேர்ந்திருக்கிறாள். அட்டை இல்லாத அந்தப் புத்தகத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். கறுப்புப் பை இருந்த பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு.